பரம்பரை வியாதி தலைவிதியா?

"தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பாவுக்கும் வந்தது. எனக்கும் வரத்தான் போகிறது. எல்லாம் தலையெழுத்து!"

இப்படிச் சொல்லிக்கொண்டு, ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு.

"எங்கள் வம்சத்தில் யாருக்கும் இந்த வியாதி கிடையாது. எனக்கு எப்படி வரும்?"

இப்படிச் சொல்லிக்கொண்டு, டாக்டர் வீட்டுப் பக்கமே போகாதவர்களும் உண்டு.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. இந்தத் தவறு உயிரைக் குடிக்கிறது. சில சமயம் உயிரை விட்டுவிட்டு, அறிவை மட்டும் குடிக்கிறது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. அதாவது, 100 பேரில் 7 பேருக்கு மேல்! ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

88 லட்சம் பேர் என்றால், 88 லட்சம் வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருடைய மனதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. "இது எனக்கும் வருமா?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும்.

இரண்டு நோய், ஓர் உறவு

மறதி நோய் வேறு, பக்கவாதம் வேறு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவு.

உடலின் எடையில் மூளை 50-ல் ஒரு பங்குதான். ஆனால், உடல் எடுக்கும் பிராண வாயுவில் 5-ல் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிராண வாயுவைச் சுமந்து போவது ரத்தம்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அல்லது வெடித்துவிட்டால், பக்கவாதம் வருகிறது. கை விழுகிறது. கால் விழுகிறது. வாய் கோணுகிறது. ஊருக்கே தெரிகிறது.

மயிர் இழை போன்ற சிறிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டால், வெளியில் ஒன்றும் தெரியாது. மூளை உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். பத்து வருடம் கழித்து, மனிதர் வீட்டுக்கு வரும் வழியை மறந்து தெருவில் நிற்பார்.

மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அதில் மூளைக்குள் ஒருவகைக் கசடு படிகிறது. ரத்தக்குழாய் கெட்டுப்போனவருக்கு அந்தக் கசடும் சேர்ந்துகொண்டால், நோய் இன்னும் வேகமாக முற்றும்.

வம்சம் கொடுப்பது என்ன?

தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு நிறம் வருகிறது. உயரம் வருகிறது. மூக்கின் வடிவம் வருகிறது. இவற்றைக் கொண்டு வருவது மரபணு. பாதி தாய் கொடுப்பது; பாதி தகப்பன் கொடுப்பது.

மரபணுவை விதை நெல் என்று சொல்லலாம். விதையில் கோளாறு இருந்தால் பயிரில் கோளாறு வரலாம். ஆனால், விதை மட்டும் பயிர் ஆகிவிடுமா? மண் வேண்டும். தண்ணீர் வேண்டும். களை எடுக்க வேண்டும்.

விதையில் கோளாறு இரண்டு வகை.

ஒன்று, பயிரையே கெடுத்துவிடும் கோளாறு. இது மிக மிக அபூர்வம். அல்சைமர் நோயாளிகள் 100 பேரில் ஒருவருக்குக்கூட இந்த வகை இருப்பதில்லை.

மற்றொன்று, பயிரைச் சற்றுப் பலவீனம் ஆக்கும் கோளாறு. இதுதான் பலரிடம் இருப்பது. நல்ல பராமரிப்பு இருந்தால் இந்தப் பயிர் பிழைக்கும்.

முதல் வகையிலும்கூட விதை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வது இல்லை. இதற்குச் சாட்சி, ஐஸ்லாந்து.

ஐஸ்லாந்து பாட்டிமார்

ஐஸ்லாந்து, ஐரோப்பாவுக்கு வடமேற்கே உள்ள சிறிய தீவு. அங்கே சில குடும்பங்களில் இளம் வயதிலேயே மூளையில் ரத்தக் கசிவு வருகிறது. இவர்களுக்கு ரத்தக் கொதிப்புகூட இருப்பதில்லை. 20 வயது, 30 வயதுப் பிள்ளைகள் திடீர் என்று விழுந்து இறந்துவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்தவர்களுக்கும் மறுபடி மறுபடி கசிவு வந்து, அறிவு மங்குகிறது.

இது குடும்பத்தில் தொடரும் நோய் என்று 1935-ல் அர்னி அர்னசன் என்ற டாக்டர் எழுதினார். பிற்பாடு காரணமும் தெரிந்தது. 'சிஸ்டாட்டின்-சி' என்ற ஒரு புரதத்தின் மரபணுவில் கோளாறு. அந்தக் கெட்ட புரதம் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, சுவரை இற்றுப்போகச் செய்கிறது.

ஐஸ்லாந்து மக்கள் வம்சாவளிக் கணக்கைப் பல நூறு வருடங்களாகப் பத்திரமாக எழுதி வைத்திருப்பவர்கள். விஞ்ஞானிகள் அந்தக் கணக்கைப் புரட்டினார்கள். இந்தக் கோளாறு உள்ள எல்லோரும், சுமார் 18 தலைமுறைக்கு முன் பிறந்த ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று கண்டார்கள்.

அதோடு இன்னொன்றையும் கண்டார்கள். அதுதான் ஆச்சரியம்!

இப்போது இந்தக் கோளாறு உள்ளவர்களின் சராசரி ஆயுள் 30 வயது. ஆனால், 1825-ஐ ஒட்டிப் பிறந்த மூதாதைகள் சராசரியாக 65 வயது வரை வாழ்ந்திருக்கிறார்கள்! அவர்களிடமும் இதே கோளாறு இருந்தது. இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு வந்திருக்க முடியாது.

1825-க்கும் 1900-க்கும் இடையில் ஆயுள் மளமளவென்று குறைந்தது. பாட்டி 65 வயது. பேத்தி 30 வயது. விதை அதேதான். எது மாறியது?

வாழ்க்கை மாறியது. அந்த 75 ஆண்டுகளில்தான் ஐஸ்லாந்து மக்களின் பழைய வாழ்க்கை முறை தலைகீழாக மாறியது. சாப்பாடும் மாறியது. இந்த மாறுதல்களில் ஏதோ ஒன்று, தூங்கிக்கொண்டிருந்த கோளாறைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டும் என்று 2008-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

ஒரே மரபணு இரண்டு விதமான ஆயுளைக் கொடுத்திருக்கிறது. அதை எப்படித் தலைவிதி என்று சொல்வது?

பூவா, தலையா?

'கடாசில்' என்று ஒரு நோய் உண்டு. இதுவும் பரம்பரை நோயே. இதற்குக் காரணமான மரபணுவை 1996-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்ப்பது போல.

இதில் 30 வயதை ஒட்டி ஒற்றைத் தலைவலி வரும். 40, 50 வயதில் சின்னச் சின்னப் பக்கவாதங்கள் வரும். பிறகு மறதி நோய்.

பயங்கரமான நோய்தான். ஆனால், இதிலும் ஒரு செய்தி இருக்கிறது. இதே கோளாறு உள்ளவர்களில், சிகரெட் பிடிக்கிறவர்களுக்குப் பக்கவாதம் முன்னதாகவே வருகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

ஆக, காசு எப்படி விழுந்தாலும், விழுந்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

சாபம் என்றார்கள்!

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அங்கே அந்தியோக்கியா என்பது மலைப் பிரதேசம். அந்த மலை ஊர்களில் ஒரு பெரிய உறவுக் கூட்டம் இருக்கிறது. சுமார் 6,000 பேர். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் ஒரு மரபணுக் கோளாறு. 44 வயதில் மறதி தொடங்கும். 49 வயதில் நோய் முற்றும். பிள்ளைகளின் பெயரே மறந்துபோகும்.

ஊர் மக்கள் இதை 'லா போபேரா' என்றார்கள். 'மந்தபுத்தி' என்று பொருள். ஒரு பாதிரியாரின் சாபம் என்றார்கள் சிலர். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்றார்கள் சிலர்.

பிரான்சிஸ்கோ லொப்பேரா என்ற டாக்டர் 1980-களில் அந்த மலைகளில் ஏறினார். வீடு வீடாகப் போனார். வம்சாவளி எழுதினார். "இது சாபம் அல்ல, நோய்" என்று சொன்னார். 2024-ல் இறக்கும் வரை அவர் இந்த வேலையை விடவில்லை.

அந்தக் குடும்பத்தார் ஒளிந்துகொள்ளவில்லை. ரத்தம் கொடுத்தார்கள். இறந்தவர்களின் மூளையையும் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். 252 பேர் ஒரு புதிய மருந்துச் சோதனைக்கு முன்வந்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. மருந்து பலிக்கவில்லை. பெரிய ஏமாற்றம்!

ஆனால், அதே குடும்பத்தில் ஒரு பெண்மணி அதிசயமாக இருந்தார். அவரிடமும் அந்தக் கோளாறு இருந்தது. 44 வயதில் மறதி வரவில்லை. 50-லும் வரவில்லை. 70 வயதைத் தாண்டும் வரை புத்தி தெளிவாகவே இருந்தது!

காரணம் என்ன? அவரிடம் வேறொரு மரபணுவில் அபூர்வமான மாறுதல் இருந்தது. அது கேடயம் போல் நின்று காத்தது. இதை 2019-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அந்தக் கேடயத்தைப் போல ஒரு மருந்து செய்ய முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள்.

ஒளித்து வைத்திருந்தால் இது தெரிந்திருக்குமா? வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் உலகத்துக்கு இந்த வழி கிடைத்திருக்குமா?

பலரிடம் இருப்பது எது?

இவை எல்லாம் அபூர்வக் குடும்பங்களின் கதை. சாதாரணக் குடும்பங்களில் இருப்பது வேறு.

'அப்போ-ஈ' என்று ஒரு மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தை உண்டாக்குவது அதன் வேலை. அதில் 2, 3, 4 என்று மூன்று ரகம். 4-ம் ரகம் உள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 1993-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் கசடு படிவதற்கும் அந்த ரகம் வழி செய்கிறது.

ஐரோப்பிய இன மக்களிடம் நடந்த ஆராய்ச்சிகளில், தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து 4-ம் ரகம் வந்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் 8 முதல் 12 மடங்கு.

கேட்டால் பயமாக இருக்கிறது. ஆனால், முழுவதையும் கேட்க வேண்டும். 4-ம் ரகம் இருந்தும் கடைசி வரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு. 4-ம் ரகம் இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டு இபாதான் நகரத்திலும், அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்திலும் ஒரே மாதிரி ஆராய்ச்சி நடந்தது. இரண்டு ஊர்களிலும் சோதிக்கப்பட்டவர்கள் கறுப்பு இன முதியவர்கள். 2001-ல் முடிவு வந்தது. அமெரிக்காவில் வருடத்துக்கு 1,000 பேரில் 32 பேருக்குப் புதிதாக மறதி நோய் வந்தது. இபாதானில் 13, 14 பேருக்குத்தான் வந்தது. 4-ம் ரகத்தால் வரும் கெடுதலும் இபாதானில் மிகக் குறைவாகவே தெரிந்தது.

பின்லாந்து நாட்டில் இன்னொரு சோதனை. 60 முதல் 77 வயது வரை உள்ள 1,260 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு 2 ஆண்டுகள் நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்தக் கொதிப்புக் கண்காணிப்பு. 2015-ல் முடிவு வெளிவந்தது. அவர்களுடைய அறிவுத்திறன் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. 4-ம் ரகம் உள்ளவர்களுக்கும் பலன் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது.

கையில் இருப்பது

மருத்துவ நிபுணர்கள் குழு ஒன்று 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களை அது எடுத்துச் சொன்னது.

படிப்பு இல்லாமை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உடல் உழைப்பு இன்மை, புகை, குடி, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, காற்றில் நஞ்சு.

இந்த 14-ஐயும் ஒழித்தால், 100-க்கு 45 பேருக்கு நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது அந்த அறிக்கை. இந்தப் பட்டியலில் மரபணு இல்லை. மனிதன் மாற்றக்கூடியவை மட்டுமே இருக்கின்றன.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் எது என்று கேட்டால், எல்லா டாக்டர்களும் ரத்தக் கொதிப்பைத்தான் சொல்வார்கள். அது வலிக்காது. காய்ச்சல் வராது. அதனால்தான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். உடம்பு நன்றாக இருப்பது மாத்திரையால்தான் என்பது தெரிவதில்லை.

சீனாவில் 326 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. 40 வயதைத் தாண்டிய, ரத்தக் கொதிப்பு உள்ள சுமார் 34,000 பேர். பாதிக் கிராமங்களில் கிராம வைத்தியர்களே அளவு பார்த்து, மாத்திரை கொடுத்து, விடாமல் சாப்பிட வைத்தார்கள். அவர்கள் பெரிய பட்டம் பெற்ற டாக்டர்கள் அல்ல. 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்தக் கிராமங்களில் மறதி நோய் 100-க்கு 15 பங்கு குறைந்திருந்தது. இது 2025-ல் வெளிவந்த செய்தி.

தமிழ்நாட்டில் 2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுப்பது அதன் நோக்கம். வாசலுக்கு வரும் மாத்திரை வாய்க்குள் போக வேண்டும். ஒரு நாளும் தவறாமல் போக வேண்டும். மாத்திரை கொடுக்க வருகிறவர்கள், "பெரியவருக்கு ஞாபகம் எப்படி இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், எத்தனையோ பேரின் நோய் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வீட்டில் நடப்பது

வயதான தாய் காலையில் சாப்பிடுகிறாள். அரை மணி நேரத்தில் மறந்துவிடுகிறாள். வாசலில் உட்கார்ந்து, "மருமகள் எனக்குச் சோறு போடவில்லை" என்று போவோர் வருவோரிடம் சொல்கிறாள். ஊர் நம்பிவிடுகிறது. மருமகள் அழுகிறாள். மகன் தாய் பக்கம் பேசுவதா, மனைவி பக்கம் பேசுவதா என்று தெரியாமல் விழிக்கிறான்.

இதில் குற்றவாளி யாரும் இல்லை. தாய் பொய் சொல்லவில்லை. மருமகள் கொடுமை செய்யவில்லை. நோய் பேசுகிறது.

"வயசாகிவிட்டது, புத்தி பிசகிவிட்டது" என்று சில குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. "பைத்தியக்காரக் குடும்பம் என்று சொல்வார்களே, பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காதே" என்று சில குடும்பங்கள் அறைக்குள் பூட்டி வைக்கின்றன. கொலம்பியாவின் மலை ஊர்களில் சாபம் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தாய்க்கு 75 வயதில் மறதி நோய் வந்தால், மகளுக்கும் வந்தே தீரும் என்பது பொய். ஆபத்து சற்றுக் கூடுதல். அவ்வளவுதான். அதற்காக ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது அறிவீனம்.

எல்லோரும் ஓடிப்போய் மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. ஒரே குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாக, 40, 50 வயதிலேயே பக்கவாதமோ மறதியோ வந்தால், மூளை நரம்பு டாக்டரைக் கேட்க வேண்டும். சோதனை தேவையா என்று அவர் சொல்வார். சோதனைக்கு முன்னும் பின்னும் விளக்கம் கேட்டுக்கொள்வது அவசியம். விளக்கம் இல்லாத சோதனை பயத்தைத்தான் கொடுக்கும்.

மற்றவர்களுக்கு அதைவிட மலிவான சோதனை ஒன்று உண்டு. கையில் பட்டையைக் கட்டி ரத்தக் கொதிப்பை அளப்பது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. நேரமும் 5 நிமிடம்தான். மேல் அளவு 140-ஐயோ, கீழ் அளவு 90-ஐயோ எட்டினால், டாக்டர் சொல்படி கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது

தகப்பனுக்குப் பக்கவாதம் வந்ததா? அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது. முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். வம்சத்தில் வந்த நோய் அவமானம் அல்ல, எச்சரிக்கை. அந்த வீட்டுப் பிள்ளைகள் ரத்தக் கொதிப்பை இளம் வயதிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும்.

உப்பைக் குறைக்க வேண்டும். பீடியையும் சிகரெட்டையும் விட வேண்டும். தினமும் நடக்க வேண்டும். காது மந்தமானால் காதுக் கருவி வாங்கித் தர வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும்போது தலைக்கவசம் போட வேண்டும். பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடாது. முதியவர்களைத் தனியாக விடக்கூடாது. 60 வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பாட்டியைக் கேலி செய்யவும் கூடாது. அவள் மூளைக்கு நல்லது செய்துகொண்டிருக்கிறாள்!

இவற்றை எல்லாம் செய்தாலும் சிலருக்கு நோய் வரும். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள்மீது பழி போடக்கூடாது. அவர்களைக் கவனிப்பது குடும்பத்தின் கடமை. அந்தக் குடும்பத்துக்குத் தோள் கொடுப்பது ஊரின் கடமை, அரசாங்கத்தின் கடமை.

தாத்தா விட்டுப்போன நிலத்தில் கல்லும் முள்ளும் இருந்தால், பேரன் அதைத் தரிசாகப் போட்டுவிடுகிறானா? கல்லைப் பொறுக்குகிறான். முள்ளை வெட்டுகிறான். உழுகிறான்.

உடம்பும் தாத்தா விட்டுப்போன நிலம்தான். ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்வதே முதல் உழவு. அதை நாளைக்கு என்று தள்ளிப்போடக்கூடாது.